நேரலையில் தெரிந்த இடியாப்பம்

திரையில் தெரியப்போவது இன்னொருவருடைய இரைப்பையின் உட்புறம். அதற்காக நான் தலைக்கு டை அடித்துக்கொண்டேன். புதுச் சட்டையும் வாங்கினேன். இளநீலம்தான் கேமராவில் எடுப்பாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். அறைக்குள் போனதும் தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், சட்டைக்கு மேல் கவுன், அதற்கும் மேல் பிளாஸ்டிக் ஏப்ரன். மாமல்லபுரத்துக் கடலோர ரிசார்ட் ஒன்றின் கூட்ட அரங்கில் உட்கார்ந்திருந்த அறுபது டாக்டர்களுக்கு நேரலையில் என்னில் தெரிந்தது இரண்டு புருவங்கள் மட்டும். புருவத்துக்கு நான் டை அடித்திருக்கவில்லை.

எண்டோஸ்கோபி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று துறையில் கேட்டார்கள். ஓய்வு பெற்று, படூரில் ஏழாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு லிஃப்ட் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தால் உடனே சாதனைப் பட்டியல்தான் மனதில் ஓடும். எனக்கும் ஓடியது. எழுத உட்கார்ந்தபோது ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. நன்றாக முடிந்தவற்றை நான் அதிகம் யோசித்ததே இல்லை, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். நினைவில் நிற்பது தூங்காத நாட்கள்தான்.

குழாயை எப்படிப் பிடிப்பது, எப்படித் திருப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். நீங்கள் வீடியோ கேம் ஆடி வளர்ந்தவர்கள். உள்ளே விட்டதை எப்போது வெளியே எடுப்பது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

செங்கல்பட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்த சாதிக் பாய் என்னிடம் முதலில் வந்தபோது நூற்று இருபத்தெட்டு கிலோ. கற்றுக்கொடுப்பவர் சீட்டில் அவர் உட்கார்ந்தால் பெல்ட் பூட்ட மாணவர் உதவி செய்ய வேண்டும். கியர் போடத் தடவும் கைக்குப் பாதி நேரம் அவருடைய தொடைதான் கிடைக்கும். அவரிடம் படித்தவர்களில் பலருக்கு மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதே லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் தெரிந்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் முட்டியைப் பிடித்துக்கொள்வார். சர்க்கரையும் இருந்தது. வயிற்றை அறுக்கும் ஆபரேஷன் வேண்டாம் என்றார்.

அவருக்கு பலூன் வைத்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். சுருட்டிய பலூனை வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கி, நீலச் சாயம் கலந்த உப்புநீரால் நிரப்பிவிட்டால், பாதி இடத்தை அது அடைத்துக்கொள்ளும். உள்ளே போன சாப்பாடு சீக்கிரம் கீழே இறங்காது. நாலு வாய் சாப்பிட்டாலே போதும் என்று இருக்கும். ஆறு மாதம் கழித்து, குழாய் விட்டு, ஊசியால் குத்தி, நீரை உறிஞ்சி, பலூனை வந்த வழியாகவே இழுத்து எடுத்துவிட வேண்டும். கத்தி கிடையாது, தையல் கிடையாது. பாய்க்குப் பத்தொன்பது கிலோ குறைந்தது. "மூணாவது கியர் இப்ப ஃப்ரீயா வுழுது டாக்டர்" என்று வந்து சொன்னார்.

ஆறு மாதக் கெடு ரம்ஜான் மாத நடுவில் முடிந்தது. நோன்பு தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிடலாம் என்று நாளும் குறித்திருந்தேன். அதற்குள் மாமல்லபுரத்திலிருந்து அழைப்பு வந்தது. மாவட்ட டாக்டர்களுக்கு ஒரு பயிலரங்கம். செங்கல்பட்டில் எங்கள் அறையில் நான் செய்வதை அங்கே பெரிய திரையில் நேரலையாகப் பார்ப்பார்கள், ஸ்பீக்கரில் கேள்வி கேட்பார்கள், நான் செய்துகொண்டே பதில் சொல்ல வேண்டும். பலூன் எடுப்பதைக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். தேதி, நோன்பின் இரண்டாவது வாரம். நான் பாயின் நாளைத் தள்ளிவைத்தேன். கெடுவுக்குள்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் பார்த்தது கெடுவை இல்லை, திரையின் அகலத்தை.

பாயிடம் சம்மதம் கேட்டேன்.

"மூஞ்சி தெரியுமா டாக்டர்?"

"தெரியாது பாய். உள்ள மட்டும்தான்."

"உள்ள தெரிஞ்சா இன்னா, நான் உள்ளாற தலை வாரிக்கினா வரப்போறேன்" என்று கையெழுத்துப் போட்டார். அப்போதே எனக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். டை பாக்கெட் அன்றைக்கு என் மேஜை டிராயரில் இருந்தது.

அவருடைய மனைவி ரஹ்மத் எங்கள் அறிவுரைத் தாளை விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். எங்கள் நோயாளிகளில் அதைப் படித்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

"ரெண்டு நாள் தண்ணி ஆகாரந்தான்னு போட்டுகீதே டாக்டர். நோன்பு வச்சுகினு அது எப்பிடி ஆவும்? விடியறதுக்கு முன்ன சஹருக்கு வெறும் கஞ்சித் தண்ணி குடிச்சிட்டு, பகலெல்லாம் வெயில்ல வண்டில உக்காந்தாருன்னா மயக்கம் போட்டுடுவாரு. நோன்ப வுடுங்கன்னாலும் வுடமாட்டாரு."

"பள்ளிவாசல் ஹஜ்ரத்த கேட்டுட்டேன்" என்றார் பாய். "ட்யூப் போடற அன்னிக்கு நோன்பு போயிடும், அத அப்பால ஒரு நாள் வச்சுக்கலாம், சீக்காளிக்கு அது உண்டுன்னாரு. அது சரி. அதுக்கு முன்ன ரெண்டு நாளு ஏன் கெடுத்துக்கணும்?"

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: அப்படியானால் நோன்பு முடிந்த மறுநாள் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு வாரம் அதிகமானாலும் ஆபத்தில்லாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் மாமல்லபுரத்தில் அரங்கம் முன்பதிவாகிவிட்டது. அதோடு எனக்கு ஒரு பெருந்தன்மையான யோசனையும் வந்துவிட்டது.

"பாய், நோன்பு மாசத்துல உங்க வயித்த விடக் காலியான வயிறு இந்த டிஸ்ட்ரிக்ட்லயே கிடையாது. சஹருக்கு வழக்கம்போலச் சாப்பிடுங்க. அஞ்சு மணியோட நிறுத்திடுவீங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இங்க வந்துடுங்க. பன்னெண்டு மணி நேரம். புக்குல இருக்கறதும் அதேதான்."

சொன்னதோடு விடவில்லை. பேனாவை எடுத்து, தாளில் இரண்டு நாள் நீராகாரம் என்றிருந்த வரியை அடித்தேன். பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். ரஹ்மத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எங்க வழக்கம் தெரிஞ்ச டாக்டரு" என்று வெளியே யாரிடமோ சொன்னது கதவு வழியாகக் கேட்டது. அன்று மாலை நான் பயிலரங்கத்துக்கான என் உரையில் ஒரு ஸ்லைடு சேர்த்தேன். தலைப்பு: நோயாளியின் நம்பிக்கைக்கு மதிப்பளிப்பது எப்படி.

எங்கள் அறையில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் மேடம் என்றே சொல்கிறேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். படாளம் பக்கத்தில் அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு வேலை செய்து அவரைப் படிக்கவைத்தார்கள். வரப்பில் நின்று அதிகாரம் செய்பவர்களைச் சின்ன வயதிலேயே நிறையப் பார்த்துவிட்டதால் என் குரல் உயர்ந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. அதிகம் பேசமாட்டார். பேசினால் அது கேள்வியாக இருக்கும்.

அன்று மாலை ஐந்து மணி. பாய் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நேரலை இணைப்பு வந்துவிட்டது. ஸ்பீக்கரில் மாமல்லபுரத்து அரங்கின் சத்தம், நாற்காலி இழுபடுவது, ஸ்பூன் சாஸரில் படுவது எல்லாம் கேட்டது.

"ரெண்டு நாள் லிக்விட்ல இருந்தாரா சார்?" என்று கேட்டார் மேடம்.

"நோன்பு மேடம். காலைலருந்து எச்சில்கூட முழுங்கல."

"அது இன்னிக்கு. நேத்து?"

"பன்னெண்டு மணி நேரம் ஆச்சே."

அவர் என்னை விட்டுவிட்டு பாயிடம் குனிந்தார். "பாய், சஹருக்கு இன்னா சாப்ட்டீங்க?"

"லைட்டாத்தான்மா."

"லைட்டுன்னா?"

"இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா. நாலு வாய்க்கு மேல எறங்காது. இன்னியோட பலூன் போவப்போவுதேன்னு வூட்ல ஆசையா ஆக்கினாங்க, அதான் நிறுத்தி நிறுத்தி, பாங்கு சொல்ற வரைக்கும் சாப்ட்டேன்."

மேடம் நிமிர்ந்தார். "சார், இன்னொரு நாள் வெச்சுக்கலாமே."

அதே நேரம் ஸ்பீக்கரில் அரங்கத் தலைவரின் குரல்: "சார், நாங்க ரெடி. நீங்க ரெடியா?"

"ரெடி" என்றேன். மேடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய வாயால் மாமல்லபுரத்துக்குப் பதில் சொன்னேன்.

மேடம் அதற்கு மேல் வாதாடவில்லை. உறிஞ்சு குழாயை ஓடவிட்டு பாயின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூச்சுக்குழாயில் போடும் ட்யூபைப் பிரித்துத் தயாராக வைத்தார். மருந்தை நான் எதிர்பார்த்ததில் பாதிதான் ஏற்றினார்.

"இன்னும் கொஞ்சம் குடுங்க மேடம், அசையறாரு."

"அசையட்டும் சார்."

குழாய் உள்ளே போனது. நான் பேசத் தொடங்கினேன். இதோ உணவுக்குழாய், நல்ல நிலையில் இருக்கிறது, இதோ இரைப்பையின் வாசல் என்று, ஏதோ என் சொந்த வீட்டைச் சுற்றிக் காட்டுபவனைப் போல. பலூன் திரையில் வந்தது. நீல நிறத்தில், திரை முழுக்க, நிலா மாதிரி. அரங்கிலிருந்து பாராட்டுகிற ஒரு முனகல் வந்ததாக எனக்கு நினைவு. குழாயைக் கொஞ்சம் கீழே திருப்பினேன்.

நிலாவுக்குக் கீழே வெள்ளையாக, நூல் நூலாக ஏதோ கிடந்தது. கொஞ்சம் இல்லை. ஒரு தட்டு நிறைய.

ஸ்பீக்கரில் ஓர் இளைய குரல் கேட்டது: "சார், அந்த வெள்ளை நூல் இன்னா சார், ஃபங்கஸா?"

பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல்: "எனக்கு இடியாப்பம் மாதிரி தெரியுது."

அரங்கம் சிரித்தது.

என் கணக்கில் எங்கே பிழை என்று அந்தச் சிரிப்பு முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் என்பது பலூன் இல்லாத வயிற்றுக்கான கணக்கு. சாப்பாட்டைக் கீழே விடாமல் நிறுத்திவைப்பதற்கென்றே பலூனை உள்ளே வைத்தவன் நான். அது வேலை செய்கிறது என்று ஆறு மாதம் அவருடைய எடையைக் காட்டிப் பெருமைப்பட்டவனும் நான்தான். எடுக்கிற அன்றைக்கு மட்டும் அது லீவு போடும் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. அதற்காகத்தான் தாளில் அந்த இரண்டு நாள் வரியே இருந்தது.

புரிந்த பிறகு என்ன செய்தேன் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். ஊசியைக் கேட்டேன்.

ஆமாம், ஊசியைக் கேட்டேன். பலூனைக் குத்தி நீரை எடுத்துவிட்டால் உள்ளே இடம் கிடைக்கும், இடியாப்பம் தானாகக் கீழே இறங்கும், சமாளித்துவிடலாம் என்று மனதுக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டிருந்தார். இதைப் படிக்கும்போது அது எவ்வளவு மடத்தனம் என்று உங்களுக்குத் தெரியும். குத்திவிட்டால் பலூனை வாய் வழியாக இழுத்தே ஆக வேண்டும். இழுக்கும்போது அது முன்னால் கிடப்பதையெல்லாம் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டு வரும். தொண்டைக்குப் பக்கத்திலேயே மூச்சுக்குழாயின் வாசல் திறந்து கிடக்கிறது. இதையெல்லாம் வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் வகுப்பில் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

ஊசியை எடுத்துக் கொடுக்க வேண்டிய சிஸ்டர் மேடத்தின் முகத்தைப் பார்த்தார். ஊசி அவர் கையிலேயே இருந்தது.

"சார், வெளிய வாங்க" என்றார் மேடம்.

"ஒரு நிமிஷம்."

அதை நான் ஒரு நிமிஷம் என்று சொன்னாலும் நான்கு நொடிதான் இருக்கும். அந்த நான்கு நொடியும் என் கை குழாயை இழுக்கவில்லை. பாயின் வயிறு குலுங்கியது. ஒரு ஓங்கரிப்பு. திரை முழுக்க வெள்ளை. அடுத்த கணம் அது அவர் வாயில் இருந்தது.

இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய மானிட்டரின் சத்தம் ஒவ்வொரு படியாகக் கீழிறங்கும். இந்த வேலையில் இருக்கும் வரை நீங்கள் அதை மறக்கமாட்டீர்கள். நான் குழாயை உருவினேன். மேடம் காலால் பெடலை மிதித்துத் தலைப்பக்கத்தைக் கீழே சாய்த்தார், ஒரு கையால் தாடையைத் தூக்கினார், இன்னொரு கையால் உறிஞ்சிக்கொண்டே இருந்தார். தொண்ணூறு, எண்பத்தைந்து, எழுபத்தெட்டு. இடியாப்பமும் பாயாவும் போன வரிசையிலேயே வெளியே வந்தன. பாய் இருமினார். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் உறுமுவதைப் போலத் திரும்பத் திரும்ப இருமினார். மருந்து பாதிதான் ஏற்றியிருந்ததால்தான் அவரால் இரும முடிந்தது. நான் கேட்ட அளவு ஏற்றியிருந்தால் எல்லாம் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போயிருக்கும். சத்தம் மெதுவாக ஏறத் தொடங்கியது. எண்பது, எண்பத்தெட்டு, தொண்ணூற்று நான்கு. பாய் கண் திறந்து, "ஆச்சா டாக்டர்?" என்று கேட்டார்.

ஆகவில்லை என்று சொல்வதற்குள் ஸ்பீக்கர் குறுக்கிட்டது. "சார், படம் போயிடுச்சு. இன்னா ஆச்சு?"

என் சட்டைக்குள் வேர்த்திருந்தது. மைக் பட்டனை அழுத்தினேன். "நோயாளி அறிவுரையை மீறிச் சாப்பிட்டிருக்கிறார். அவருடைய பாதுகாப்புக்காக நிறுத்திக்கொள்கிறோம்" என்றேன். நல்ல, நிதானமான குரல். குழாயை எடுக்க நான்கு நொடி தேவைப்பட்டவனுக்கு இதைச் சொல்ல ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

"ஐயோ பாவம் சார், பேஷன்ட்டுங்களே இப்பிடித்தான்" என்று ஆறுதல் சொன்னது மாமல்லபுரம்.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். என் வார்த்தை எனக்கு முன்பே வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. வார்டு உதவியாளர் யாரோ உள்ளே கேட்டதை அப்படியே சொல்லிவிட்டார். ரஹ்மத் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் திருப்போரூரிலிருந்து வந்திருந்த அவருடைய நாத்தனார் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு நாளு வாயக் கட்டிப்போட முடியலியா ஒனக்கு? எந்தம்பியக் கொல்லத்தான் பாயா ஆக்கினியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் நாத்தனார். சத்தமாகக்கூட இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

ரஹ்மத் என்னைப் பார்த்ததும் எழுந்தார். கையில் அந்த அறிவுரைத் தாள் நாலாக மடித்து இருந்தது. என் கையெழுத்தோடு.

"என் தப்புதான் டாக்டர். நீங்க அடிச்சிக் குடுத்தது வேற எதுக்கோ இருக்கும். எனக்குத்தான் வெளங்கல. நாந்தான் அவருக்கு வச்சு வச்சுக் குடுத்தேன்."

இளையவர்களே, இந்த வேலையில் நான் பயந்த இடங்கள் பல உண்டு. இதைப் போல ஒன்று இல்லை. அந்த அம்மாள் கையில் சாட்சி இருக்கிறது. அதில் என் கையெழுத்து இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர். அப்படியும், டாக்டர் தவறாக அடித்திருப்பார் என்பதைவிடத் தான் தவறாகப் படித்திருப்போம் என்பதே அவருக்கு நம்பும்படியாக இருந்தது. நான் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தால் போதும், ஆயுளுக்கும் அவர் அதை நம்பியிருப்பார். அப்படிப் போய்விடலாம் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"இல்லம்மா. நான்தான் சாப்பிடச் சொன்னேன். நீங்க சரியாத்தான் படிச்சீங்க, நான்தான் தப்பா அடிச்சேன்."

அவர் அறைக் கதவைப் பார்த்தார். "அவரு மூச்சு வுட்றாரா?"

"விடறாரு. பேசறாரு. ஒரு நாள் வெச்சுப் பார்க்கணும், எக்ஸ்ரே எடுக்கணும்."

"அப்ப இத அவங்ககிட்ட சொல்லுங்க" என்று நாத்தனாரைக் காட்டினார். "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவங்களுக்குத் தெரியலன்னா நான் இனிமே அந்த வூட்ல பாயா ஆக்கமுடியாது."

நாத்தனார் பக்கம் திரும்பி, தாளைப் பிரித்துக் காட்டி, முதலிலிருந்து சொன்னேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "பாத்தா படிச்சவரு மாதிரிதான் கீறீங்க" என்றார். பிறகு ரஹ்மத்தின் தோளில் கை வைத்து, "வா, உள்ள போயி அவனப் பாப்போம்" என்றார்.

எனக்குள் ஒரு தெம்பு வந்துவிட்டது. பாதி உண்மை சொல்லிவிட்டவனுக்கு மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வெறி வரும். நேராக அறைக்குள் போனேன். மைக் பட்டனை அழுத்தினேன். நோயாளி மீது எந்தத் தவறும் இல்லை என்று தொடங்கினேன். பயிலரங்கத்துக்காக நாளைத் தள்ளிவைத்தது, தாளில் வரியை அடித்தது, எச்சரித்தும் கேட்காதது, நான்கு நொடி, பொய் எல்லாவற்றையும் சொன்னேன். சேர்த்திருந்த ஸ்லைடைப் பற்றியும் சொன்னேன். ஐந்து நிமிடம் இருக்கும். நடுவில் குரல் தழுதழுத்தது, அதை நான் அடக்கவில்லை, நன்றாகவே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். முடித்தபோது அரங்கில் முழு அமைதி. மனசாட்சியைத் தொட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. பாய் நோன்பை விட்டு மூன்று நாள் நீராகாரத்தில் இருந்தார். நான்காம் நாள், தொண்டையில் ட்யூப் போட்டு, மூச்சுக்கு ஆபத்தில்லாமல் மேடம் முழுமயக்கம் கொடுக்க, பலூனைப் பத்து நிமிடத்தில் எடுத்தோம். பார்வையாளர் யாரும் இல்லை, சட்டை பழையது. விட்ட நோன்புகளை அவர் பெருநாளுக்குப் பிறகு ஒவ்வொன்றாக வைத்து முடித்ததாகச் சொன்னார். எடை கொஞ்சம் திரும்ப ஏறியிருக்கிறது. மூன்றாவது கியர் இன்னும் விழுகிறது.

அலட்சியத்தால்தான் தவறு வரும் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். என்னுடையது பெருந்தன்மையால் வந்தது. நோயாளிக்காக விதியைத் தளர்த்தும்போது உங்கள் மீதே உங்களுக்கு ஒரு பிரியம் பொங்கினால், பேனாவைக் கீழே வையுங்கள். அந்த விதி யாருக்காக, எதற்காக எழுதப்பட்டது என்று மயக்க மருந்து கொடுப்பவரிடம் ஒரு முறை கேளுங்கள். அவர் கேள்வியாகக் கேட்டால் அது கேள்வி இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கை இழுக்க வேண்டியதை இழுக்காது. அதனால் இழுக்கச் சொல்ல இன்னொருவருக்கு முன்கூட்டியே அதிகாரம் கொடுத்துவிடுங்கள். அன்று அந்த அதிகாரத்தை நான் கொடுக்கவில்லை, மேடமும் சிஸ்டரும் அவர்களாக எடுத்துக்கொண்டார்கள். எல்லா அறையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கமாட்டார்கள்.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் ஒரு திருமண வரவேற்பில் ஒரு டாக்டரைச் சந்தித்தேன். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறார். ஃபங்கஸா என்று அன்று ஸ்பீக்கரில் கேட்டது அவர்தான்.

"சார், உங்க இடியாப்பம் கேஸ வருஷா வருஷம் க்ளாஸ்ல சொல்றேன். பேஷன்ட் சாப்பிடலன்னு சொன்னா நம்பாதீங்கன்றதுக்கு அதவிட நல்ல எக்ஸாம்பிள் கிடையாது."

"அவர் பொய் சொல்லலையே. நான்தான் அப்புறம் எல்லாத்தையும் சொன்னேனே."

"எப்ப சார்?"

"அன்னிக்கே. மைக்ல. ஒரு அஞ்சு நிமிஷம் பேசினேன்."

அவர் யோசித்தார். "நிறுத்திக்கிறோம்னு நீங்க சொன்னதுமே லிங்க்க கட் பண்ணிட்டாங்களே சார். சமோசா சூடா வந்துடுச்சு, எல்லாரும் எழுந்து போய்ட்டோம்."

முழு அமைதிக்கு அதுதான் காரணம். வருடக்கணக்காக இந்த மாவட்டத்தின் மருத்துவ மாணவர்கள் சாதிக் பாயைப் பொய்யராகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்ததை அந்த டாக்டரிடம் அங்கேயே நின்று சொன்னேன், இனி மாற்றிச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். அது போதாது என்றுதான் இதை அச்சில் வருமாறு எழுதிக் கொடுக்கிறேன். எழுதுவதற்கு முன், நான் பேசியதற்கு ஒரு சாட்சியாவது இருக்கட்டும் என்று மேடத்துக்கு ஃபோன் செய்தேன். அரங்கத்துக்குக் கேட்காவிட்டாலும், அந்த ஐந்து நிமிடமும் அவர் எனக்கு இரண்டடி தூரத்தில்தான் இருந்தார்.

"நீங்க இருந்தீங்களே மேடம். நான் மைக்ல எல்லாத்தையும் ஒத்துக்கிட்டுப் பேசினது ஞாபகம் இருக்குதானே?"



"பேசினீங்களா சார்? நான் பேஷன்ட்ட பாத்துகினு இருந்தேன்."